குளிர்காலப் பயணத்தில் மோட்டர்ஹோமைக் குறைந்த செலவில் சூடாக வைத்திருப்பது எப்படி?

லெஸ்டர்வாசி — நவம்பர் 27

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம், ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட 2010ஆம் ஆண்டு மோட்டர்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) ஒன்றை முந்தைய உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கினோம். நால்வர் உறங்கலாம், ட்ரூமா காம்பி 4 என்னும் எரிவாயு ஹீட்டர் உள்ளது, அதற்கு மின்சாரத்தில் இயங்கும் வசதி இல்லை. கோடையில் வேல்ஸ், கார்ன்வால் என்று சுற்றியவரை குறையொன்றும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் (ஒன்பது வயது, ஆறு வயது) ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலுள்ள ஏவிமோருக்கு அழைத்துச் சென்று ஆறு இரவுகள் தங்க எண்ணியிருப்பதால், அதற்கு ஒத்திகையாகச் சென்ற வார இறுதியில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இரண்டு இரவுகள் மின் இணைப்பு இல்லாத ஓரிடத்தில் தங்கிப் பார்த்தோம். ஒத்திகை தோல்வியில் முடிந்தது.

முதல் இரவு எப்படியோ கழிந்தது. இரண்டாம் இரவு வெளியே மைனஸ் 3 டிகிரி. அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அத்துடன் சூடு நின்றது. புதிதாக மாட்டிய 7 கிலோ சிலிண்டர் இரண்டே இரவில் தீர்ந்துவிட்டதென்று எண்ணி, நால்வரும் ஒரே படுக்கையில் முடங்கிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் சுடுநீர்த் தொட்டியிலிருந்த 10 லிட்டர் நீரும் வண்டிக்கு அடியில் வழிந்து உறைந்து கிடந்தது. சன்னல்களில் மட்டுமன்றி மெத்தையின் அடிப்பகுதியிலும் ஈரம். இதில் விந்தை என்னவென்றால், வீடு திரும்புமுன் நண்பகலில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச முயன்றபோது, தீர்ந்துபோன அதே சிலிண்டரில் அடுப்பு எரிந்தது.

என் கணவர், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்பு டீசல் ஹீட்டரைப் பொருத்திவிடலாம் என்கிறார். வீட்டுக் கொட்டகையில் நாங்கள் பயன்படுத்தும் தள்ளுவண்டி போன்ற எரிவாயு ஹீட்டரை உடன் கொண்டுபோகலாமா என்பது என் எண்ணம். எங்களால் இப்போது செலவிட முடிந்தது 300 பவுண்டு. அந்தத் தொகையை எதில் போட்டால் ஏவிமோரில் பிள்ளைகள் நடுங்காமல் உறங்குவார்கள்? வழிந்தோடிய சுடுநீர்த் தொட்டி பழுதாகிவிட்டதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பேர்த் பெரியவர் — நவம்பர் 27

வணக்கம் அம்மா. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: உங்கள் சிலிண்டர் நீல நிறமா? நிறத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் 7 கிலோ என்கிறீர்கள். பிரித்தானியாவில் எரிவாயு விற்கும் கேலர் நிறுவனத்தின் சிலிண்டர்களில் 7 கிலோ என்பது நீல நிறப் பியூட்டேனுக்கு உரிய அளவு. சிவப்பு நிறப் புரோப்பேன் 6, 13 கிலோ போன்ற அளவுகளில் வரும். நள்ளிரவு கடந்து நின்ற ஹீட்டரையும் நண்பகலில் உயிர்பெற்ற அடுப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் சிலிண்டர் தீரவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியாக மாறினால்தான் குழாயில் வாயு வரும். பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் அரை டிகிரி. புரோப்பேனுக்கோ மைனஸ் 42 டிகிரி. வெளியே மைனஸ் 3 என்றால் பியூட்டேன் சிலிண்டருக்குள் வெறும் திரவமாகக் கிடக்குமே தவிர, மேலே எழும்பி வராது. உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் தொல்லைதான். ஏனெனில் ஆவியாகும் திரவம் தன் வெப்பத்தைத்தானே செலவழிக்கிறது? மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். உங்கள் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 320 கிராம் வரை இழுக்கும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிலிண்டர் மேலும் மேலும் குளிர்ந்து அடங்கிவிடும். பால் காய்ச்சும் அடுப்புக்குத் தேவை மிகக் குறைவு, பகல் வெயிலும் சற்றே ஏறியிருக்கும், அதனால் எரிந்தது.

சோதிப்பது எளிது. சிலிண்டரைக் குளியலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். அதன் கழுத்தில் உள்ள உலோகத் தகட்டில் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். சில தகடுகளில் அது பவுண்டு, அவுன்சில் இருக்கும் என்பதால் கிலோவாக மாற்றிக் கழியுங்கள்.

சுடுநீர்த் தொட்டி பழுதாகவில்லை. ட்ரூமாவில் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்ற வடிகால் வால்வு ஒன்று உண்டு. அதனருகே வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு இறங்கினால், தொட்டி உறைந்து வெடித்துவிடாமல் இருக்க அது தானாகத் திறந்து நீரைக் கொட்டிவிடும். அந்த இடம் ஏறத்தாழ 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் வால்வை மீண்டும் மூட முடியும். எனவே இரவில் ஹீட்டரை முற்றிலும் அணைக்கக் கூடாது.

கொட்டகை ஹீட்டரை மட்டும் தயவுசெய்து வண்டிக்குள் ஏற்றாதீர்கள். ட்ரூமா எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. கொட்டகை ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். அது முழுவதும் உங்கள் மெத்தைக்குள்தான் இறங்கும். அதைவிடப் பெரிய கேடு கார்பன் மோனாக்சைடு. அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கும் பழக்கமும் இதே வகைதான். உங்கள் 300 பவுண்டில் முதல் செலவாக, வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரிய இ.என். 50291-2 தரக்குறி கொண்ட கார்பன் மோனாக்சைடு அபாயமணி ஒன்றை வாங்குங்கள். வீட்டுக்கு விற்கப்படும் சாதாரண வகை வண்டியின் அதிர்வுக்கும் குளிருக்கும் சோதிக்கப்பட்டதல்ல.

இனிச் செலவைப் பார்ப்போம். ஹீட்டரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன், வெப்பம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. என் வண்டியும் உங்களுடையதைப் போன்றதே. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு அது ஏறத்தாழ 90 வாட் இழக்கிறது என்று பல குளிர்காலங்களில் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். வெளியே மைனஸ் 3, உள்ளே 19 என்றால் 22 டிகிரி வேறுபாடு. அதாவது இடைவிடாமல் 2 கிலோவாட் வேண்டும். சுவர்களில் காப்புப் பொருள் இருக்கிறது. வாழும் பகுதியின் சன்னல்கள் இரட்டை அக்ரிலிக். ஓட்டுநர் பகுதியில் இருப்பதோ ஒற்றைக் கண்ணாடி. முன்கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளும் சேர்ந்து இரண்டரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குளிரில் அவற்றின் வழியே மட்டும் 300 வாட் வெளியேறும். மெல்லிய தகட்டுக் கதவுகள், மிதிக்கட்டைகளைச் சுற்றி நுழையும் காற்று ஆகியவை தனி.

ஆகவே, கண்ணாடிகளுக்கு வெளிப்புறமாகப் போர்த்தும் காப்புத் திரை வாங்குங்கள். உட்புறம் ஒட்டும் வெள்ளித்தாள் திரையும் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் அதற்கும் கண்ணாடிக்கும் இடையில் ஈரம் படிந்து, காலையில் அதைச் சுரண்டும் வேலை வந்து சேரும். பிறகு, ஓட்டுநர் இருக்கைகளுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரை தடித்த கம்பளியைத் தொங்கவிட்டு, அந்தப் பகுதியைச் சூடாக்கும் அறையிலிருந்தே நீக்கிவிடுங்கள். இருக்கைகளைத் திருப்பிப்போட்டு உட்காரும் வசதி போய்விடும். அதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. இரவு உறங்கும்போது 19 டிகிரியை 13 ஆகக் குறைத்தால் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 350 கிராம் எரிவாயு மிஞ்சும். அதற்கு ஈடாக வீட்டில் பயன்படுத்தும் கனத்த போர்வைகளையே கொண்டுபோங்கள்.

கசிவை அடைக்கிறேன் என்று தரையிலும் கூரையிலும் உள்ள நிலையான காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் உள்ள துளை, கசியும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே வழிந்து வெளியேற வைக்கப்பட்டது. அதன்மேல் பாய் விரித்து வைத்திருந்த ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.


கவென்ட்ரி மெக்கானிக் — நவம்பர் 28

பேர்த் ஐயா சொன்ன காப்பு வேலைகள் யாவும் சரி. ஆனால் டீசலை அவர் பேச்சிலேயே எடுக்காதது எனக்கு ஏற்புடையதன்று. நான் வேன்களை வீடாக மாற்றும் தொழிலில் இருப்பவன். அந்தச் சார்பு எனக்கு உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 கிலோ சிவப்பு சிலிண்டரை மாற்ற நான் கடைசியாகக் கொடுத்தது ஏறத்தாழ 40 பவுண்டு. அதில் உள்ள ஆற்றல் சுமார் 77 யூனிட். ஆக ஒரு யூனிட் வெப்பம் 50 பென்சுக்கு மேல் ஆகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் இருக்கிறது. ஹீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்து, லிட்டர் 1.45 பவுண்டு என்று கொண்டால், ஒரு யூனிட் 18 பென்சுதான். அதிலும் எரிபொருள் வண்டியின் தொட்டியிலேயே இருப்பதால், சிலிண்டர் கடையைத் தேடி மலைப்பாதையில் அலைய வேண்டியதில்லை. 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும்.

இனி, வாங்குபவர்கள் ஏமாறும் இடங்கள். இணையத்தில் 8 கிலோவாட் என்று விளம்பரம் செய்யப்படுபவை பெரும்பாலும் 5 கிலோவாட் உடலில் ஒட்டப்பட்ட தாள்தான். உங்கள் வண்டிக்கு 2 கிலோவாட் போதும். பெரியதை வாங்கிக் குறைந்த வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் எரிகூடத்தில் கரி படிந்து, சில வாரங்களில் பற்றவே மறுக்கும். சிறியதையும் அவ்வப்போது அரைமணி நேரம் முழு வேகத்தில் எரியவிட வேண்டும். மலிவான பெட்டியுடன் வரும் புகைக்குழாயின் இணைப்புகளை நான் நம்புவதில்லை. அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு நல்ல தரமான எஃகுக் குழாயும் பிடிப்பான்களும் போடுவேன். புகைக்குழாயின் வாய் சன்னலுக்கோ கதவுக்கோ அடியில் இருக்கக் கூடாது. எரிவதற்கான காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்தும் அது விலகியிருக்க வேண்டும்.

ஹீட்டர் பற்றும்போது, டீசலைப் பற்றவைக்கும் ஒளிரும் முளை (க்ளோ பிளக்) சில நிமிடங்களுக்கு 10 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழுந்தால் ஹீட்டர் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். எனக்கு வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் ஹீட்டரின் குற்றமல்ல, கம்பியின் குற்றம். அதன் பிறகு 1 முதல் 2 ஆம்பியர் போதும் என்றாலும், நீண்ட இரவில் 15, 20 ஆம்பியர்-மணி செலவாகும். ஏவிமோரில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. கூரையில் சூரியத் தகடு இருந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது. லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் கட்டாயம்.


லெஸ்டர்வாசி — நவம்பர் 28

எடை பார்த்துவிட்டோம். பேர்த் ஐயா சொன்னபடியே சிலிண்டர் நீலம்; உள்ளே இன்னும் 3 கிலோ இருக்கிறது. அந்த இரவை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியை விற்றவர் கோடைப் பயணி போலும். எங்களுக்குக் குளிர் பற்றி எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது இரண்டு ஐயங்கள். சிவப்பு சிலிண்டருக்கு மாறினால் ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டுமா? டீசலா எரிவாயுவா என்ற விவாதத்தில் எங்கள் நிலையில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்வது? நாங்கள் ஆண்டில் பத்து இரவுகளுக்கு மேல் குளிரில் தங்கப் போவதில்லை. ஏவிமோரில் பதிவு செய்திருக்கும் முகாமில் 16 ஆம்பியர் மின் இணைப்பு உண்டு. அதன் கட்டணம் இடவாடகையிலேயே அடங்கும்.

ஈரம் பற்றி ஒரு வாக்குமூலமும் தந்துவிடுகிறேன்: அந்த இரண்டு காலையும் வண்டிக்குள் இட்லி அவித்தேன்.


பேர்த் பெரியவர் — நவம்பர் 29

இட்லிதான் குற்றவாளி என்று முழுப் பழியையும் அதன்மேல் போட மாட்டேன். நான்கு பேர் இரவெல்லாம் மூச்சுவிட்டாலே ஒரு லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கும். ஆனால் கொப்பரையைத் திறந்த கணத்தில் மேலெழும் ஆவியைக் கூரைச் சன்னலைத் திறந்து வெளியே விட்டிருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் ஈரம் சேர்வதற்குக் காரணம், உடற்சூட்டில் இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையைத் தொட்டுப் படிவது. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்றோடும் வலைப்பின்னல் விரிப்பு ஒன்று போட்டால் நிற்கும். குளிர்ந்த காற்றில் ஈரம் தங்கும் அளவு குறைவு என்பதால், காலையில் ஐந்து நிமிடம் எல்லாச் சன்னல்களையும் திறந்து, உள்ளிருக்கும் ஈரக் காற்றை வெளியேற்றி, பிறகு மூடிச் சூடாக்குங்கள். செலவாகும் வெப்பம் சொற்பம். சுவர்களும் தட்டுமுட்டுகளும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

2010ஆம் ஆண்டு வண்டியென்றால் சிலிண்டர் பெட்டிச் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் இருக்கும். அது பியூட்டேனுக்கும் புரோப்பேனுக்கும் பொது. சிலிண்டரையும் அதையும் இணைக்கும் உயரழுத்தக் குழாயை மட்டும் மாற்றினால் போதும். நீல சிலிண்டருக்கு அழுத்திப் பொருத்தும் தலை. சிவப்புக்குத் திருகிப் பொருத்துவது, அதுவும் இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். பழைய குழாயை இடையிணைப்புகள் வைத்து ஒட்டுப்போடாதீர்கள். குழாயில் அச்சிட்ட தேதியைப் பார்த்துப் புதிதாக வாங்கி, முடிந்தால் தகுதி பெற்ற எரிவாயுப் பணியாளரைக் கொண்டு கசிவு பார்த்துக்கொள்ளுங்கள்.

கவென்ட்ரித் தம்பியின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோக வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 30 பென்சு மிச்சம், நாளொன்றுக்கு 30 யூனிட் தேவை என்றால், நாளுக்கு 9 பவுண்டு மிச்சமாகும். நல்ல குழாய்கள், கம்பிகள், பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 350 பவுண்டு ஆகிறதென்றால், போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ நாற்பது நாள் குளிர்ப்பயணம் வேண்டும். ஆண்டுக்குப் பத்து இரவு போகிறவர்களுக்கு அது நான்கு ஆண்டு. மின் இணைப்பு இல்லாத ஏரிக்கரைகளில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு டீசல்தான் சரி. அதில் எனக்கு மறுப்பில்லை. பெட்ரோல் நிலையங்களில் நிரப்பிக்கொள்ளும் நிரந்தர எரிவாயு சிலிண்டரும் அப்படியே: யூனிட் விலை டீசலுக்கு அருகில் வரும், ஆனால் முதலீடு பெரிது, இந்த வாகன எரிவாயுவை (ஆட்டோகேஸ்) விற்கும் நிலையங்களும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன.

உங்களுக்கு வாய்த்திருப்பதோ 16 ஆம்பியர் மின் இணைப்புக் கம்பம், அதுவும் வாடகையில் அடங்கியது. 230 வோல்ட்டில் அது 3,680 வாட். ஆயிரம் வாட் எண்ணெய் ரேடியேட்டர் ஒன்றை வாங்கி இரவும் பகலும் ஓடவிடுங்கள். உங்கள் தேவையில் பாதியை அது ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தை எரிவாயு பார்த்துக்கொள்ளும். விசிறி ஹீட்டரைவிட இது மெதுவாகச் சூடாகும். ஆனால் ஓசையில்லை, துணி பட்டால் தீப்பிடிக்கும் அச்சமும் குறைவு. மின்சாரம் இருக்கிறதே என்று ட்ரூமாவை அணைத்துவிடாதீர்கள்: அதன் காற்றுக்குழாய்கள்தான் இருக்கைகளுக்கு அடியில் ஓடித் தண்ணீர்க் குழாய்களை உறையாமல் காக்கின்றன. ரேடியேட்டர் அறையைச் சூடாக்கும், அலமாரியின் உட்புறத்தைச் சூடாக்காது. வேறு முகாமில் 10 ஆம்பியர் கம்பம் கிடைத்தால், 2,300 வாட்டுக்குள் கெண்டியும் ரேடியேட்டரும் அடங்க வேண்டும். இணைப்புக் கம்பியைச் சுருளில் வைத்தபடி பயன்படுத்தாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருண்ட கம்பி சூடேறி உருகும்.


ஹாமர் நகரத்தான் — நவம்பர் 30

நார்வேயில், மியோசா ஏரிக்கரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே மைனஸ் 20 டிகிரியில் மோட்டர்ஹோமில் உறங்குவது பெரிய செய்தியல்ல. ஆனால் எங்கள் வண்டிகள் அதற்கென்றே கட்டப்பட்டவை. ஐரோப்பியத் தரவிதியில் கிரேடு 3 என்று சான்று பெற்ற வண்டி, வெளியே மைனஸ் 15 இருக்கும்போது உள்ளே 20 டிகிரியை எட்டவும் அதன் தண்ணீர் அமைப்பு தொடர்ந்து இயங்கவும் வேண்டும். கிரேடு 2 என்றால் அந்தச் சோதனை 0 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் எது என்று பாருங்கள். ஸ்காட்லாந்து மலைகளைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்: ஏவிமோருக்குத் தென்கிழக்கே கெய்ன்கார்ம் மலைகளுக்கு அப்பால் இருக்கும் பிரேமாரில் 1895ஆம் ஆண்டிலும் 1982ஆம் ஆண்டிலும் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது.

என் கவலை தண்ணீரைப் பற்றியது. நன்னீர்த் தொட்டி வண்டிக்குள் இருந்தாலும் கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் அடியில் திறந்தவெளியில் தொங்கும். அதை நிரப்பாதீர்கள். வடிகாலைத் திறந்தே வைத்து, கீழே வாளி ஒன்றை வைத்துவிடுங்கள். வாளியில் உறைந்தால் தட்டிக் கொட்டலாம், தொட்டியில் உறைந்தால் வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். மின்கம்பத்தோடு நிறுத்தும் இடத்தில் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நனைந்த பிரேக் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். பனி பெய்தால் ஹீட்டரின் புகைவாயையும் கூரைத் துளைகளையும் சிலிண்டர் பெட்டியின் அடித்துளையையும் காலை மாலை துடைத்துவிடுங்கள். அபாயமணி இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது.

டீசல் தொட்டியில் செப்டம்பரில் நிரப்பியது இன்னும் கிடக்கிறதா? பிரித்தானியாவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து விற்கப்படும் குளிர்கால டீசல் மைனஸ் 15 டிகிரிவரை வடிகட்டியை அடைக்காமல் ஓட வேண்டும். கோடை டீசலுக்கு அந்த வரம்பு மைனஸ் 5தான். பழையதை ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மற்றபடி, புறப்படும் முன்பே வண்டியைச் சூடாக்குங்கள். ஒரு வாரம் குளிரில் நின்ற வண்டியில் மெத்தை, அலமாரி, தொட்டி எல்லாம் உறைந்திருக்கும். அவற்றைச் சூடேற்றவே முதல் நாள் எரிவாயு போய்விடும். வீட்டு மின்சாரத்தில் புறப்படுவதற்கு முந்தைய இரவே ரேடியேட்டரை ஓடவிட்டால், அந்தச் சூட்டை நீங்கள் எரிவாயு செலவழிக்காமல் வடக்கே எடுத்துச் செல்லலாம்.


கவென்ட்ரி மெக்கானிக் — நவம்பர் 30

பேர்த் ஐயாவின் நாற்பது நாள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பத்து இரவுக்கு நான்கூட இந்தக் கிறிஸ்துமசுக்கு முன் பொருத்தச் சொல்ல மாட்டேன். அவசரத்தில் பொருத்திய ஹீட்டரோடு பிள்ளைகள் உறங்கும் வண்டி முதல் பயணமே ஏவிமோருக்குப் போவதும் முறையல்ல. சிலிண்டர் பெட்டியில் 13 கிலோ சிவப்பு சிலிண்டர் நிற்குமா என்று மட்டும் அளந்து பாருங்கள். கிலோ விலை 6 கிலோவைவிடக் குறையும்.


லெஸ்டர்வாசி — ஜனவரி 4

திரும்பி வந்துவிட்டோம்; கணக்கு ஒப்பிக்கிறேன். 13 கிலோ சிலிண்டர் எங்கள் பெட்டியில் நிற்கவில்லை; ஆகவே 6 கிலோ சிவப்பு இரண்டு வாங்கினோம். குழாய், அபாயமணி, எண்ணெய் ரேடியேட்டர், முன்கண்ணாடிக்கு வெளித்திரை, மெத்தைக்கு அடியில் விரிக்கும் வலை ஆகியவற்றையும் சேர்த்து 290 பவுண்டு ஆயிற்று. இருக்கைகளுக்குப் பின்னால் தொங்கிய கம்பளிகள் வீட்டிலிருந்தவை.

ஏவிமோரில் மிகக் குளிர்ந்த இரவில் எங்கள் வெப்பமானி மைனஸ் 8 காட்டியது. உள்ளே உறங்கும்போது 14, விழித்திருக்கும்போது 18 என்று வைத்திருந்தோம். முதல் சிலிண்டர் ஐந்தாம் நாள் விடியற்காலையில் தீர்ந்தது. இம்முறை உண்மையாகவே தீர்ந்தது, எடை பார்த்து உறுதிசெய்தேன். வடிகால் வால்வு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சன்னல் ஓரங்களில் ஈரம் இருந்தது, மெத்தை உலர்ந்திருந்தது. இட்லிக்குப் பதில் உப்புமா செய்தேன். பிள்ளைகள் குளிரைவிட அதைப் பற்றித்தான் அதிகம் முறையிட்டார்கள்.

தவறியது ஒன்று. கழிவுநீர் வடிகாலைத் திறந்து வாளி வைத்தோம், சரி. ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குப் போகும் குழாய் வண்டிக்கு வெளியே ஒரு முழ நீளம் தொங்குகிறது என்பதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் இரவில் அது உறைந்து அடைத்துக்கொண்டது. வெந்நீர் ஊற்றித்தான் இளக்கினோம். அதைச் சுற்றிக் குழாய்க்குரிய நுரையுறை போட்டால் மைனஸ் 8க்குப் போதுமா, அல்லது குழாயைச் சூடேற்றும் மின்னிழை சுற்ற வேண்டுமா என்று ஹாமர் நண்பர் சொன்னால், பிப்ரவரி விடுமுறைக்குள் செய்துவிடுவோம்.


ஹாமர் நகரத்தான் — ஜனவரி 5

ஒரு முழத்துக்கு நுரையுறை போதும், ஆனால் நீர் தேங்காத சரிவு வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்து தேங்கினால், உறை போட்டிருந்தாலும் உறையும். உறை தாமதப்படுத்தும், தடுக்காது. முதலில் ஒரு பிடிப்பானால் தொய்வை எடுத்துக் கட்டுங்கள். மின்னிழை, கம்பத்தில் இணைத்திருக்கும்போது மட்டும் பயன்படும். பேட்டரியில் ஓட்டினால் காலையில் ஹீட்டரின் விசிறிக்கு மின்சாரம் இருக்காது.